தாத்தா பேரில் கரண்ட் பில், ஜெர்மனியில் சர்வர்: தர்மபுரியில் ஹோஸ்டிங் தொடங்கிய கதை

ஹோஸ்டிங், அதாவது மற்றவர்களின் இணையதளங்களைச் சர்வரில் வைத்துக்கொடுக்கும் தொழில், தொடங்கப் போகிறேன் என்று வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த சர்வர் நல்லது?" என்றுதான். சர்வருக்கு என்ன, கார்டு நம்பரைப் போட்டால் டீ ஆறுவதற்குள் லாகின் விவரம் மெயிலில் வந்துவிடும். எங்களை இழுத்தடித்தது ஜிஎஸ்டி பதிவு. அதிலும் ஒரே ஒரு காகிதம்.

சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் ஜிஎஸ்டி வேண்டாம் என்பார்கள். பொதுவாகச் சரி. ஆனால் ஹெட்ஸ்னர், கான்டாபோ மாதிரி வெளிநாட்டு நிறுவனத்திடம் சர்வர் எடுத்துத் தொழில் செய்தால் அது சேவை இறக்குமதி. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்றவருக்குப் பதில் வாங்கிய நாமே, வரியைக் கட்ட வேண்டும். 2023 செப்டம்பர் வரை இப்படி வாங்கித் தொழில் செய்பவர் நூறு ரூபாய்க்கு விற்றாலும் பிரிவு 24-இன்படி பதிவு கட்டாயமாக இருந்தது; அந்த அக்டோபரிலிருந்து, பதிவில்லாதவருக்கு ஆன்லைன் சேவை விற்கும் வெளிநாட்டு நிறுவனமே வரி கட்ட வேண்டும். மாங்கூழ், கிரானைட் என்று ஏற்றுமதிக் கணக்கே பார்த்துப் பழகிய ஆடிட்டருக்கு இது சட்டென்று நினைவுக்கு வராது. நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அந்த 18% ஐஜிஎஸ்டியை ரொக்க லெட்ஜரில் பணம் போட்டுத்தான் கட்ட முடியும், இருக்கிற கிரெடிட்டில் கழிக்க விடாது. கட்டிவிட்டு, நாம் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளும் இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். சிறு தொழிலுக்கான குறைந்த வரித் திட்டமான காம்போசிஷன் பக்கம் போகவே வேண்டாம். அதில் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு வாடிக்கையாளர் போச்சு.

இனி அந்தக் காகிதம். வீட்டிலேயே ஆபீஸ் என்றால் முகவரிச் சான்றாகக் கரண்ட் பில் கேட்பார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தா பேரில் இருக்கும், வீட்டு வரி அப்பா பேரில் வரும், விண்ணப்பம் மகன் பேரில் போகும். மூன்றும் ஒட்டாததால் ரெக்-03 நோட்டீஸ் வந்தது. முகவரிக்குக் கூடுதல் ஆவணம் தரவும் என்று ஒரு வரி. எந்த ஆவணம் என்று இல்லை. நேரில் போய்க் கேட்டால் "அதெல்லாம் ஆன்லைன்ல பதில் போடுங்க" என்று முடித்துவிட்டார்கள்.

வேலைக்கு ஆனது இதுதான்: அப்பா பேரிலுள்ள நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீது, இந்த முகவரியில் மகன் தொழில் நடத்தச் சம்மதம் என்று அப்பா கையெழுத்திட்ட கடிதம், அப்பாவின் ஆதார் நகல். மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி ரெக்-04இல் பதிலாகப் போட்டதும் நகர்ந்தது. தாத்தா பேரிலுள்ள பில்லை வைக்கவே வேண்டாம், வைத்தால்தான் கேள்வி. பட்டியலில் உள்ள ஒரு சான்று போதும், தேவையில்லாத ஆவணம் கேட்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 17.04.2025 அன்று அறிவுரையே (எண் 03/2025) கொடுத்திருக்கிறது. அது மத்திய அதிகாரிகளுக்கானது. கோப்பு மாநில அதிகாரியிடம் போயிருந்தாலும் பதிலில் ஒரு வரி குறிப்பிடுவதில் தப்பில்லை.

பதில் போட 7 வேலைநாள்தான் அவகாசம். விண்ணப்பத்தில் ஆடிட்டர் தன் மெயிலையும் செல் நம்பரையும் போட்டுவிட்டால் நோட்டீஸ் அவர் இன்பாக்ஸில் தூங்கும், உங்கள் விண்ணப்பம் தள்ளுபடியாகும். உங்கள் நம்பரையே போடச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் ஹோஸ்டிங்குக்குப் போட வேண்டிய சேவைக் குறியீடு 998315.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை. ஜிஎஸ்டி, உத்யம் இரண்டும் கையில் இருந்தால் வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் எளிதாகத் திறக்கலாம். ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு விண்ணப்பிக்கும் முன்னால் தளத்தில் விலை, ரீஃபண்ட் விதி, தனியுரிமைக் கொள்கை, முகவரியோடு தொடர்புப் பக்கம் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். "விரைவில்" என்று போட்ட பக்கத்தைக் காட்டினால் திருப்பி அனுப்புவார்கள்.

மத்திய அரசின் மானியத்தோடு கூடிய பிஎம்இஜிபி தொழில் கடனுக்கு மாவட்டத் தொழில் மையம் போகலாம். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. ஆனால் வங்கி கேட்பது மெஷின் கொட்டேஷன். மாத வாடகைச் சர்வருக்கு எந்த மெஷினைக் காட்டுவது? கம்ப்யூட்டர், யுபிஎஸ், ஆபீஸ் சாமான் என்று தேறுவதுதான் தேறும். கடனை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

சர்வர் வாடகை கட்டுவதில் ஒரு பொறி இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி இ-மேண்டேட் (மாதாமாதம் பணம் எடுக்க நாம் முன்கூட்டியே பதியும் ஒப்புதல்) இல்லாத ஆட்டோ டெபிட்டை வங்கி மறுத்துவிடும். பல வெளிநாட்டு நிறுவனங்களிடம் அந்த வசதி கிடையாது. ரெனியுவல் தோற்று, சர்வர் நின்று, அதிலிருக்கிற அத்தனை தளமும் படுத்துவிடும். முன்பணம் ஏற்றிவைக்க விடுகிற நிறுவனமாகப் பாருங்கள், இரண்டு மாத வாடகை எப்போதும் இருப்பில் இருக்கட்டும். பெங்களூருவில் டிஜிட்டல்ஓஷன், வல்டர் இரண்டுக்கும் மையம் உண்டு. கிருஷ்ணகிரிக்கு ஜெர்மனியைவிட வேகமாகத் திறக்கும், விலைதான் கூட.

வாடிக்கையாளர் தன் தளத்தை நிர்வகிக்கும் மென்பொருளான சிபேனல் 2019 செப்டம்பரிலிருந்து கணக்கு எண்ணிக்கைக்குத் தகுந்து வசூலிக்கிறது: 1, 5, 30, 100 என்று படிகள். 31-வது வாடிக்கையாளர் வந்ததும் லைசென்ஸ் அடுத்த படிக்கு ஏறும், அவர் கட்டும் பணம் அந்த மாதம் அதற்கே காணாது. விலையும் வருடா வருடம் ஏறுகிறது. குறைந்த விலைக்கு மூன்று வருடத் திட்டம் விற்றுவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். அதே வேலை செய்யும் டைரக்ட்அட்மின் மலிவு, பழக ஒரு வாரம் ஆகும்.

பாதி சண்டை மெயிலில்தான். தளம் ஒரு மணி நேரம் நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளும் கிரானைட் கம்பெனிக்காரர், வெளிநாட்டு பையருக்குப் போன கொட்டேஷன் திரும்பி வந்தால் ராத்திரி பதினொன்றுக்குக் கூப்பிடுவார். திரும்பி வந்த மெயிலின் கடைசியில் 5.7.26 என்று இருந்தால், மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் சரியில்லை. 5.7.25 என்றால் சர்வரின் ஐபி எண்ணுக்கு, அது எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்லும் பிடிஆர் பதிவு இல்லை; அதை டொமைன் டிஎன்எஸ்ஸில் தேடாதீர்கள், சர்வர் கொடுத்தவரின் பேனலில்தான் போட வேண்டும். ஹெட்ஸ்னரில் புதுக் கணக்குக்கு மெயில் வெளியே போகும் 25-வது போர்ட்டே மூடியிருக்கும். முதல் பில்லைக் கட்டியபின் எழுதிக் கேட்டால்தான் திறப்பார்கள். ஐபி கைக்கு வந்ததும், முதல் தளத்தை ஏற்றுவதற்கு முன்னாலேயே, ஸ்பேம் அனுப்பும் ஐபிகளின் கறுப்புப் பட்டியலான ஸ்பேம்ஹாஸில் போட்டுப் பாருங்கள். முந்தைய ஆள் செய்த வினை உங்கள் தலையில் விடிந்திருந்தால் அன்றைக்கே வேறு ஐபி கேளுங்கள். ஒரு மணிக்கு ஒரு டொமைனுக்கு இத்தனை மெயில் என்று உச்சவரம்பும் வையுங்கள். ஒரு பள்ளியின் பழைய வேர்ட்பிரஸ் பிளக்இன் ஓட்டையில் ஸ்பேம் கிளம்பினால், அதே ஐபியில் இருக்கிற எல்லோருக்கும் அடி.

விபிஎஸ் (ஒரு சர்வரைப் பிரித்துத் தரும் தனிச் சர்வர்) விற்பதாக இருந்தால், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கொடுத்த 28.04.2022 உத்தரவைப் படிக்காமல் இறங்காதீர்கள். சரிபார்த்த பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி, எதற்கு எடுத்தார் என்ற விவரம் எல்லாவற்றையும் வாடிக்கையாளர் விலகிய பிறகும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சர்வரில் நடந்ததைக் காட்டும் லாக் 180 நாள். ஹேக் நடந்தது தெரிந்ததும் 6 மணி நேரத்துக்குள் தகவல். "தெரிஞ்ச பையன்தான்" என்று வாட்ஸ்அப்பிலேயே விபிஎஸ் கொடுத்தால் நாளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

டொமைனை வாடிக்கையாளர் பெயரிலும் அவர் மெயிலிலும் பதியுங்கள். டாட் காம் என்றால் சரிபார்ப்பு மெயிலை 15 நாளுக்குள் அவர் சொடுக்க வேண்டும், இல்லையென்றால் தளம் நின்றுவிடும். மெயிலே திறக்காதவர்கள் இங்கே அதிகம், போன் போட்டுச் சொடுக்க வைத்துவிட்டுத்தான் வேறு வேலை. பேக்கப்பை வேறு நிறுவனத்தின் இடத்தில் வையுங்கள். மாதம் ஒரு தளத்தை எடுத்து ரீஸ்டோர் செய்து, டேட்டாபேஸ் முழுசாக வருகிறதா என்று பாருங்கள்.