ஸ்காபரோவிலிருந்து கிங்ஸ்ரன்: இரண்டு பேருக்கு ஒரு வார இறுதி

கனடாவுக்கு வந்து ரொறன்ரோவில் இறங்கிய முதல் கோடையில் எல்லோரும் நயாகராவுக்குத்தான் ஓடுவார்கள். போகட்டும். புருஷனும் பெண்சாதியுமாக ஓர் இரவு தங்கி, கையைக் கடிக்காமல் ஒரு சின்ன நகரத்தைப் பார்த்து வருவதென்றால் கிங்ஸ்ரன்தான் தோது. 401 நெடுஞ்சாலையில் கிழக்கே நேராக ஒரே ஓட்டம். அந்த நெடுஞ்சாலையின் எக்சிற் எண்கள் கிலோமீற்றர் கணக்கிலேயே போடப்பட்டவை. மார்க்கம் வீதி 383, கிங்ஸ்ரனின் டிவிஷன் வீதி 617. கழித்தால் 234 கிலோமீற்றர். தெரு வெளித்திருந்தால் இரண்டரை மணித்தியாலம்.

முதலில் லைசென்ஸ். ஜி1 என்ற பழகுநர் லைசென்ஸ் வைத்திருப்பவர் 401இல் ஏறவே முடியாது. பக்கத்தில் முழு லைசென்ஸான ஜி எடுத்த மனுசி இருந்தாலும் முடியாது. பயிற்றுநரோடு மட்டும்தான் அனுமதி. அடுத்த படியான ஜி2 இருந்தால் தாராளமாகப் போகலாம், ஆனால் ஒரு சொட்டு மதுவும் கூடாது. ஊர் லைசென்ஸ் ஒன்ராறியோவில் குடியேறி 60 நாட்கள் வரைதான் செல்லும்.

வாடகைக் கார் என்றால் கிரெடிட் கார்ட் ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்கவேண்டும். மனைவியின் கார்ட், கணவனின் லைசென்ஸ் என்று போய் நின்றால் சாவி கிடைக்காமல் போகலாம். இருவரும் மாறி மாறி ஓட்டுவதென்றால் இரண்டு பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். பெயரில்லாதவர் ஓட்டி இடித்தால் காப்புறுதி கைவிரித்துவிடும். சொந்தக் கார் இருப்பவர்கள் தங்கள் காப்புறுதியில் ‘ஓ.பி.சி.எஃப். 27’ என்ற இணைப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வாடகைக் காருக்கு வரும் சேதத்தை அது, பத்திரத்தில் உள்ள எல்லைக்குள், ஏற்கும். கவுண்டரில் நாள்கணக்கில் விற்கும் பாதுகாப்பை அப்போது வாங்கத் தேவையில்லை.

வெள்ளி மாலை மூன்று மணிக்குப் பிறகு புறப்படுவது வீண் வேலை. ஏஜக்ஸ் தொடங்கி ஒஷாவா வரை கார்கள் ஊரும். சனி விடிய ஆறரைக்கு வெளிக்கிட்டால் ஒன்பதரைக்கு முன் கிங்ஸ்ரன் சந்தையில் நிற்கலாம். இடையில் 401 இறுகினால் ஒரு மாற்றுவழி உண்டு: பிக்கரிங்கில் புரொக் வீதியால் மேலே ஏறி 407 நெடுஞ்சாலையைப் பிடித்து, 418 அல்லது 35/115 நெடுஞ்சாலை வழியாகத் திரும்ப 401க்கு இறங்குங்கள். புரொக் வீதிக்குக் கிழக்கே 407இல் 2025 ஜூனிலிருந்து கட்டணம் இல்லை. அதற்கு மேற்கே ஏறிவிடாதீர்கள். சுங்கச் சாவடி எதுவும் கண்ணில் படாது. கமரா இலக்கத்தகட்டைப் படம் பிடிக்கும், பில் பிறகு வீடு தேடி வரும்.

வேக எல்லை சில இடங்களில் 100, சில இடங்களில் 110. எல்லைக்கு மேல் 50 கூடினால், அல்லது 150ஐத் தொட்டால், தெருவிலேயே லைசென்ஸ் 30 நாளுக்கும் கார் 14 நாளுக்கும் போய்விடும். கார் வாடகையானாலும் அதே சட்டம்தான்.

பாதி தாண்டி ட்ரென்ரனில் ஒன்ரூட் என்ற நெடுஞ்சாலை ஓய்விடம் வரும். கழிப்பறைக்கும் கோப்பிக்கும் நல்லது. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போனால் வெளியே மேசையில் இருந்து சாப்பிடலாம். பெற்றோலை மட்டும் புறப்படமுன் ஊரில் நிரப்புங்கள்; நெடுஞ்சாலை நிறுத்தத்தில் விலை கூட. நூறு கிலோமீற்றருக்கு எட்டு லீற்றர் குடிக்கும் காருக்குப் போய்வர நாற்பத்தைந்து லீற்றர் காணும்.

கிங்ஸ்ரனில் காரை நகர மண்டபத்துக்குக் கிட்ட ஒரு தரிப்பிடத்தில் விட்டால் பிறகு எல்லாம் நடைதான். மண்டபத்தின் பின்னால் உள்ள சந்தை 1801இலிருந்து இருக்கிறது. கட்டடங்கள் முழுக்கச் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணத்தாருக்கு அந்நியமில்லாத கல். 1841 முதல் 1844 வரை அன்றைய பிரித்தானியக் குடியேற்றமான கனடா மாகாணத்தின் தலைநகரம் இதுதான், மண்டபத்தின் பெரிய தோரணை அதனால் வந்தது. 1835இல் திறந்து 2013இல் மூடிய சிறைச்சாலையைப் பார்க்கக் கோடையில் முன்கூட்டியே ரிக்கற் எடுக்கவேண்டும். நேரம் குறைவென்றால் ஃபோர்ட் ஹென்றி என்ற பழைய இராணுவக் கோட்டையை விடலாம், சிறைச்சாலையை விடாதீர்கள்.

கிங்ஸ்ரனுக்கு எதிரே உள்ள வுல்ஃப் தீவுக்குப் படகு இலவசம், ஏறத்தாழ இருபது நிமிடம். காரோடு ஏறக் கோடையில் நீண்ட வரிசை. நடந்து ஏறுபவருக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஆனால் தீவில் மேரிஸ்வில் துறைக்குப் போகும் படகுதானா என்று கேட்டு ஏறுங்கள். மற்றத் துறையில் இறங்கினால் நடந்து பார்க்க ஒன்றுமில்லை.

ஞாயிறு காலை செயின்ற் லோரன்ஸ் ஆற்றிலுள்ள ஆயிரம் தீவுகள் பார்க்கக் கனனோக்கி என்ற சின்ன ஊருக்குப் போகலாம், எக்சிற் 645. இங்கேதான் புதிதாக வந்தவர்கள் மாட்டுப்படுவது. போல்ட் கோட்டையில் இறக்கிவிடும் படகுக்கு ரிக்கற் எடுக்காதீர்கள். அந்தத் தீவு அமெரிக்கா. பி.ஆர். (நிரந்தர வதிவிட) அட்டை வைத்திருக்கும் இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுக்காரருக்கு விசா வேண்டும். இறங்காமல் சுற்றிவரும் படகு போதும், கோட்டை தண்ணீரிலிருந்தே வடிவாகத் தெரியும். ஆற்றில் ஃபோன் அமெரிக்கக் கோபுரத்தைப் பிடிக்கும். ரோமிங்கை நிறுத்தி வையுங்கள். கார் ஓட்டும்போது 661ஆம் எக்சிற்றைத் தவறுதலாக எடுத்தால் நேரே எல்லைப் பாலத்துக்குத்தான் போகும்.

ஹோட்டல் விலையைப் பார்க்கும்போது 13 சதவீத எச்.எஸ்.ரி. விற்பனை வரி, அதோடு நகரத்தின் தங்குமிட வரி என்று கூட்டிப் பாருங்கள். குயின்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கும் செப்ரெம்பர் முதல் வாரத்திலும் பட்டமளிப்பு நாட்களிலும் அறை விலை எகிறும். திரும்பும்போது ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு முன் கனனோக்கியை விட்டால் போமன்வில் பக்கத்து நெரிசலில் நிற்காமல் வந்துசேரலாம். நீண்ட வார இறுதியில் அந்தக் கணக்கு திங்களுக்கு.