மூன்று 1-களில் மாட்டிக்கொண்டேன்

சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூ. முதல் நாள் போனதே வீண். ஆதார் போனில் பிடிஎஃப்பாகத்தான் இருந்தது. "ஒரிஜினல் இல்லாம உள்ள விட முடியாதுப்பா" என்றுவிட்டார் கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன். ஹெச்.ஆருக்கு நாலு முறை போன் அடித்தும் எடுக்கவில்லை. பெரம்பூரிலிருந்து போக வர அரை நாள் போயிற்று. கார்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

இரண்டாம் முறை ஆப்டிட்யூட் டெஸ்ட் சிக்கலில்லாமல் முடிந்தது. டெக்னிக்கல் சுற்றில் கேள்வி கேட்டவர் வெள்ளைத்தாளை நீட்டினார்: வரிசைப்படுத்திய லிங்க்டு லிஸ்டில் (ஒவ்வொரு மதிப்பும் ஒரு நோடில் இருக்கும், ஒவ்வொரு நோடும் அடுத்ததைக் காட்டும் சங்கிலி) ஒரு மதிப்பு திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை நீக்கு, சி மொழியில் எழுது. கோடிங் பயிற்சித் தளமான லீட்கோடின் 83-ஆம் கணக்கு. படித்திருந்தேன், கையால் எழுதிப் பார்த்ததில்லை. 1, 1, 2, 3, 3 போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. தாளைக் கொடுத்தேன்.

அவர் "வொர்க் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எங்கே தப்பு என்று கேட்டதற்கும் பதில் இல்லை. அது இன்னும் உறுத்துகிறது. ஒரு உள்ளீடு சொன்னாலே போதுமே.

பத்து நிமிடம் வியர்த்த பிறகு 1, 1, 1 போட்டுப் பார்த்தேன். விடை 1, 1. அங்கேதான் பிடிபட்டது. ஒரு நோடை நீக்கியதும் பாயின்டரை (எந்த நோடில் நிற்கிறோம் என்று காட்டுவது) அடுத்ததுக்கு நகர்த்தியிருந்தேன். நீக்கினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். புதிதாக வந்து ஒட்டும் நோடும் அதே மதிப்பாக இருக்கலாம். மதிப்பு வேறானால் மட்டும் நகர வேண்டும். ஜோடி ஜோடியாக வைத்துச் சோதித்தால் இந்தத் தப்பு கண்ணிலேயே படாது, மூன்றாவது வேண்டும். லிஸ்ட் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். நீக்கும் நோடை முதலில் ஒரு தற்காலிக (டெம்ப்) பாயின்டரில் பிடித்து, இணைப்பை மாற்றிவிட்டு, பிறகு அதன் மெமரியை ஃப்ரீ செய்யுங்கள்.

திருத்திக் கொடுத்ததும் அடுத்த கேள்வி: திரும்ப வந்த மதிப்பு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. இது லீட்கோடில் 82-ஆம் கணக்கு. 1, 1, 2 என்றால் 2 மட்டும்தான் மிஞ்சும், ஹெட்டே, அதாவது முதல் நோடே, போய்விடும். முன்னால் கணக்கில் சேராத ஒரு டம்மி நோடை வைத்து, கடைசியில் ஹெட்டுக்குப் பதிலாக டம்மியின் நெக்ஸ்டை, அதாவது அதற்கு அடுத்த நோடை, விடையாக ரிட்டர்ன் செய்தேன். அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ம், ஓகே."

இன்று காலை அடுத்த சுற்றுக்கு மெயில் வந்துவிட்டது. ஆதார் கார்டு இப்போதே பையில் இருக்கிறது.