சேன் பியேர் ஊரின் ரம் குடும்பம்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் எந்தக் கடைக்குள் போனாலும் டோடோ பறவை பீர் பாட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பறவை வாழ்ந்து அழிந்தது பக்கத்து மொரீஷியஸில். ஆனால் பீர் இந்த ஊர்ச் சரக்கு. 1962-இல் தொடங்கிய பூர்போன் ஆலையுடையது, இப்போது ஹைனகன் வசம். "பீரை விடுப்பா. குடும்பக் கம்பெனி பாக்கணும்னா ஈசோத்தியேக்குத்தான் போகணும்," என்றார் சித்தப்பா. காரைக்காலில் இருந்து வந்து தெற்கே சேன் பியேரில் குடியேறியவர்.

ஈசோத்தியே ரம் ஆலை அந்த ஊரில்தான் இருக்கிறது. சார்ல், லூயி என்ற அண்ணன் தம்பி 1845-இல் தொடங்கியது. சார்ல் இறந்தபின் அவர் மனைவி அந்துவனெத் நிர்வாகத்தை எடுத்து நடத்தினார். இன்றும் அதே குடும்பத்தின் கையில். ஆலை வளாகத்தில் ரம்முக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு.

வருடத்தைக் கவனியுங்கள். தீவில் அடிமை முறை ஒழிந்தது 1848 டிசம்பர் 20-இல். அதன்பின் கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டுமே? புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களின் வாரிசுகளைத்தான் இன்று இங்கே 'மலபார்கள்' என்கிறார்கள். புட்டியில் ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கிறது. கரும்பு வெட்டியவர்களின் பெயரைக் கோயில் திருவிழாக்களில் கேட்கலாம்.

ரம்மில் இரண்டு வழி. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்து வடிப்பது ஒன்று. கரும்புச் சாற்றையே நேராகப் புளிக்கவைப்பது இன்னொன்று; சாறு சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் அறுவடைக் காலத்தில் மட்டும்தான் அதைச் செய்ய முடியும். இங்கே இரண்டும் உண்டு. சாற்று ரம்மில் பச்சைக் கரும்பின் வாசம் மூக்கில் ஏறுகிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

முதல் உலகப் போரில் வெடிமருந்துக்கு ஆல்கஹால் தேவைப்பட்டதால் ரம்முக்குக் கிராக்கி. போர் முடிந்ததும் பிரான்சின் திராட்சை மதுக்காரர்கள் கூச்சல் போட, குடியேற்ற நாட்டு ரம் இவ்வளவுதான் வரலாம் என்று 1920-களில் ஒதுக்கீடு வந்தது. சின்ன ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. மிஞ்சிய மூன்று பெரிய ஆலைகளும் சேர்ந்து 1972-இல் ஒரே பெயரில் 49 டிகிரி வெள்ளை ரம் விற்கத் தொடங்கின: ஷாரெத். லேபிளில் கரும்பு ஏற்றிய மாட்டு வண்டி. போட்டியாளர்கள் ஒரே வண்டியில் ஏறியதுதான் ஈசோத்தியே குடும்பம் தப்பிய சூட்சுமம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் இந்த ரம் எங்கே போகிறது தெரியுமா? நம் சாமிகளிடம். மதுரை வீரனுக்கும் முனீஸ்வரனுக்கும் ரம்மும் சிகரெட்டும் படைக்கிறார்கள். நம் ஊரில் சாராயமும் சுருட்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெனிலா, லிச்சி, மூலிகை எல்லாம் ரம்மில் மாதக்கணக்கில் ஊறும் 'ரம் அராஞ்சே' ஆலையிலும் பாட்டிலில் கிடைக்கிறது. நான் ஒன்று வாங்கி வந்தேன். சித்தி புருவம் உயர்த்தினார்: "அதை யாரு குடிப்பா? அலமாரியில என் ஜாடி இருக்கு, எடுத்துட்டு வா."