வேலையில் இருக்கும்போதே இறந்தவரின் பி.எஃப். பென்ஷன்: ஃபார்ம் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

தங்கச்சி வீட்டுக்காரர் தனியார் கம்பெனி வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். அவருடைய பி.எஃப்., குடும்ப பென்ஷன், இன்சூரன்ஸ் மூன்றும் இப்போதுதான் ஒருவழியாக வந்து சேர்ந்திருக்கின்றன. பணம் கிடைத்த நிம்மதியைவிட, ஒழுங்காகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்க வேண்டிய பணத்துக்கு ஒரு விதவையை இப்படி அலையவிட்டார்களே என்ற ஆத்திரம்தான் இன்னும் அடங்கவில்லை. யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர எண்), பாஸ்புக், நாமினி என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, எங்கே சிக்குமோ அதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் இது ஒரே பணம் இல்லை. பி.எஃப். தொகைக்கு ஃபார்ம் 20, மாத பென்ஷனுக்கு 10-டி, பி.எஃப்.-ஓடு சேர்ந்தே வரும் இறப்புக் காப்பீடான இ.டி.எல்.ஐ. இன்சூரன்ஸுக்கு 5-ஐ.எஃப். இப்போது மூன்றையும் சேர்த்து ஒரே காம்போசிட் படிவமாகவும் கொடுக்கலாம். ஆனால் மூன்றுக்கும் சட்டம் வேறு, பணம் யாருக்குப் போகும் என்ற விதியும் வேறு. கவுன்ட்டரில் இருப்பவர்களே இதைக் குழப்புகிறார்கள்.

எங்களுக்கு நடந்ததும் அதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவர் கொடுத்த பேப்பரில் நாமினி என்று அம்மா பெயர் இருந்தது. அதைப் பார்த்த கிளார்க், "அம்மாதான் நாமினி, பென்ஷனும் அவங்களுக்குத்தான் போகும், அவங்களையே வரச் சொல்லுங்க" என்று 10-டியை வாங்கவே மறுத்தார். இது தவறு. 1995-ஆம் ஆண்டு பென்ஷன் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, 25 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அவ்வளவுதான். பெற்றோர் அதில் வருவதில்லை. மனைவியோ தகுதியுள்ள பிள்ளையோ இருக்கும்வரை நாமினி பேப்பரில் யார் பெயர் இருந்தாலும் மாத பென்ஷன் அவர்களுக்குத்தான். குடும்பமே இல்லாதவர் இறந்தால்தான் நாமினி, அதுவும் இல்லையென்றால் அவரைச் சார்ந்திருந்த அப்பா, பிறகு அம்மா என்று போகும். கண்காணிப்பாளரிடம் போய் இதைச் சொன்னதும் அவர் மறுபேச்சில்லாமல் படிவத்தை வாங்கி, ஒப்புகைச் சீட்டும் போடச் சொன்னார். கவுன்ட்டரில் வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால் அப்படியே திரும்பி வராதீர்கள். "எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

பி.எஃப். தொகையில் கதை வேறு. கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணத்துக்குப் பின் செல்லாது. புதிதாகப் போடவில்லை என்றால் தொகை குடும்பத்தினருக்குச் சம பங்காகப் பிரியும். இங்கே குடும்பம் என்பதில் மனைவி, பிள்ளைகளோடு அவரைச் சார்ந்திருந்த அம்மாவும் வருவார். இன்சூரன்ஸும் இதே வழியில்தான் போகும். ஆக மாமியாருக்கும் பங்கு உண்டு, அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. பென்ஷனும் எனக்கு, பி.எஃபும் எனக்கு என்று இரண்டு பக்கமும் ஆளுக்கொன்று பேசி, கடைசியில் இருவருடைய பணமும் நின்றுபோன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

செல்லுபடியாகும் நாமினேஷன் இல்லாததால் வாரிசு சான்றிதழ் தேவைப்பட்டது. இ-சேவையில் பதிந்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகும் வழக்கமான பாதைதான். அதில் பெயர்களும் வயதும் ஆதாரில் உள்ளபடியே வரவேண்டும், பிரதி வாங்கும்போதே நின்று படித்துப் பாருங்கள்.

எங்களுக்கு அதிகக் காலத்தைத் தின்றது வேறொன்று. கம்பெனி ஆன்லைனில் அவரை வேலையிலிருந்து நீக்கும்போது, விலகிய காரணம் என்ற இடத்தில் "பணியில் இருக்கும்போது இறப்பு" என்பதைத் தேர்ந்தெடுக்காமல், வேலையை விட்டுப் போனவருக்குப் போடும் சாதாரணக் காரணத்தைத் தட்டிவிட்டார்கள். தேதியும் இறந்த நாள் இல்லை, அந்த மாதத்தின் கடைசி நாள். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் அலுவலகக் கணினியைப் பொறுத்தவரை அவர் வேலையை விட்டுவிட்டு அதன்பிறகு இறந்தவர். இன்சூரன்ஸ் வேலையில் இருக்கும்போது இறந்தால்தான், ஆகவே 5-ஐ.எஃப். திரும்பி வந்தது. விதவை பென்ஷனும் ஆடிப்போனது. வேலையில் இருக்கும்போது இறந்தால் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே பென்ஷன் உண்டு. வேலையை விட்ட பிறகு என்றால் பத்தாண்டு சர்வீஸ் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

எனவே எந்தப் படிவத்தையும் நிரப்பும் முன், அவருடைய யு.ஏ.என்.-ல் சர்வீஸ் ஹிஸ்டரியை எடுத்து விலகிய தேதியையும் காரணத்தையும் பாருங்கள். யு.ஏ.என். கடவுச்சொல் தெரியாவிட்டால் கம்பெனி எச்.ஆர். தன் லாகினில் எடுத்துத் தரலாம். தேதி இறப்புச் சான்றிதழில் உள்ள நாளாகவே இருக்க வேண்டும். தப்பாக இருந்தால் கம்பெனியும் வாரிசுதாரரும் கையெழுத்திட்ட ஜாயிண்ட் டிக்ளரேஷன், இறப்புச் சான்றிதழ், கடைசி மாத வருகைப் பதிவு, சம்பளச் சீட்டு ஆகியவற்றோடு திருத்தம் கேட்க வேண்டும். எச்.ஆர். "எங்க கன்சல்டன்ட் பார்த்துப்பார்" என்பார். அந்த கன்சல்டன்ட் நம்பரை வாங்கி நேரடியாகப் பேசுங்கள், பட்டனைத் தட்டுகிறவர் அவர்தான்.

கம்பெனியே மூடிவிட்டால் படிவத்தில் சான்றொப்பம் வாங்க வேறு வழி இருக்கிறது. வங்கி மேலாளர், கெஜட்டட் அதிகாரி, போஸ்ட் மாஸ்டர், ஊராட்சித் தலைவர், எம்.எல்.ஏ. என்று படிவத்திலேயே பட்டியல் உண்டு. "கம்பெனி முத்திரை இல்லாமல் வாங்க மாட்டோம்" என்றால் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

அடுத்த முள் இனிஷியல். பி.எஃப். கணக்கில் "எஸ். முருகன்" மாதிரி முன்னால் இனிஷியல், ஆதாரில் "முருகன் சுப்பையா" மாதிரி அப்பா பெயரோடு. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். உயிரோடிருப்பவர் ஆதாரைத் திருத்திக்கொள்ளலாம், இறந்தவருக்கு முடியாது. "ஆதார் சேரவில்லை" என்று சொன்னால், பி.எஃப். நிறுவனத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கையைச் சொல்லுங்கள். இறப்புக் கோரிக்கைகளில் ஆதார் இணைக்காமலே காகிதப் படிவத்தை ஏற்று, பொறுப்பு அதிகாரியின் ஒப்புதலோடு முடிக்கலாம் என்று அது வழிவிட்டிருக்கிறது. ஆனால் பணம் வாங்குகிறவரின் ஆதாரும் வங்கிக் கணக்கும் கச்சிதமாகப் பொருந்த வேண்டும், அதில் சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். குழந்தை பிறந்த கையோடு வாங்கிய சான்றிதழில் பெயர் இடம் வெறுமையாகவே இருக்கும். பலர் அதைப் பத்திரமாக பீரோவில் வைத்திருப்பார்கள், பெயர் பதியாமலே. 10-டிக்கு அது உதவாது. பள்ளிச் சான்றோடு பதிவு அலுவலகத்தில் பெயர் சேர்த்துப் புதுப் பிரதி வாங்கிய பிறகுதான் பிள்ளைகளின் பென்ஷன் நகரும். இரண்டு பிள்ளைகள் பெயரிலும் தனித்தனிக் கணக்கும் தொடங்கிவிடுங்கள், அம்மா கார்டியன்.

எவ்வளவு வரும்? சூத்திரம் எளிது: பென்ஷனுக்குரிய சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2015-ல் 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்து பத்தாண்டு வேலை பார்த்தவருக்கு 2,143 ரூபாய். இந்தத் தொகை, திட்டத்தின் சி அட்டவணையில் சம்பளத்துக்கேற்பக் குறித்துள்ள தொகை, குறைந்தபட்சமான 1,000 ரூபாய், மூன்றில் எது அதிகமோ அது மனைவிக்கு. அதன் மேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் மனைவி பென்ஷனில் 25 சதவீதம், ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் வரை, 25 வயது வரை. மூத்தவர் வயது தாண்டியதும் மூன்றாவது பிள்ளை அந்த இடத்துக்கு வரும். அம்மாவும் இல்லாத பிள்ளைகளுக்கு 75 சதவீதம்.

ஒரு எச்சரிக்கை. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாக பி.எஃப்.-ல் சேர்ந்து, சேரும்போதே அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தால் அவர் பென்ஷன் திட்டத்திலேயே இல்லை. பாஸ்புக்கில் பென்ஷன் சந்தா என்ற கட்டம் பூஜ்யமாக இருந்தால் 10-டி கொடுத்துப் பயனில்லை, மற்ற இரண்டை மட்டும் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் கணக்கைப் பலர் பார்ப்பதே இல்லை. கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளம், அதிகபட்சம் 15,000, அதை 35-ஆல் பெருக்கினால் 5,25,000. அதோடு பி.எஃப். இருப்பின் 12 மாதச் சராசரியில் பாதி, 1,75,000 வரை. மொத்தம் 7 லட்சத்துக்கு மேல் போகாது. சராசரி இருப்பு 2,40,000 என்றால் 6,45,000 வரவேண்டும். வந்த தொகை இதற்குக் குறைந்தால் எந்த மாதங்களின் சம்பளத்தை எடுத்தார்கள் என்று கேளுங்கள். நோயில் படுத்துச் சம்பளம் இல்லாத மாதங்கள்தான் கணக்கைக் கெடுக்கும். இதற்கு ஊழியர் ஒரு பைசா கட்டுவதில்லை, கம்பெனிதான் கட்டுகிறது. அதனாலேயே வீட்டில் யாருக்கும் இப்படி ஒன்று இருப்பது தெரிவதில்லை.

கோரிக்கையை 20 நாளுக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் இ.பி.எஃப்.ஐ.ஜி.எம்.எஸ். என்ற பி.எஃப். குறைதீர் தளத்தில் புகார் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி நடக்கும் குறைதீர் முகாமுக்கு எல்லா நகல்களோடும் போங்கள். எங்கள் 5-ஐ.எஃப். அந்த முகாமுக்குப் பிறகுதான் அசைந்தது. அதிகாரி முன்னால் சர்வீஸ் ஹிஸ்டரித் தாளையும் வருகைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம், பேசவே தேவைப்படவில்லை.

பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்ததும் தொடங்கும் தேதியைப் பாருங்கள். இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டிருக்க வேண்டும், படிவம் கொடுத்த நாளிலிருந்து அல்ல. முதல் தவணையில் நிலுவை முழுதும் சேர்ந்து வந்ததா என்று பாஸ்புக்கில் கூட்டிப் பார்த்துவிட்டு, உயிர்வாழ்வுச் சான்று கொடுத்த தேதியையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே தேதிக்குள் மறுபடி கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்.