முப்பது வயது சிடி 100-ஐ மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்த கதை

பழைய ஜப்பான் எஞ்சின் பைக் ஒன்று வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும் யமஹா ஆர்எக்ஸ் 100 பக்கம்தான் கை காட்டுவார்கள். நல்ல நிலையில் இருப்பது இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிப் போகிறது. எனக்கு வேண்டியது தாம்பரத்தைச் சுற்றி தினமும் ஓட்ட ஒரு வண்டி, அதுவும் கையைக் கடிக்காமல். அதனால் ஆரம்பத்திலிருந்தே ஹீரோ ஹோண்டா சிடி 100 மட்டும்தான் தேடினேன்.

1980களின் நடுவில் ஜப்பான் கம்பெனிகள் இங்கே கூட்டு சேர்ந்து 100 சிசி வண்டிகளை இறக்கியபோது சுசுகி, யமஹா, கவாசாகி மூன்றுமே டூ ஸ்ட்ரோக்கில் வந்தன. ஹோண்டா மட்டும் 1985-ல் ஃபோர் ஸ்ட்ரோக் சிடி 100-ஐக் கொண்டுவந்தது. 97.2 சிசி, முன்பக்கம் படுத்த மாதிரி ஒரே சிலிண்டர். இந்த எஞ்சின் குடும்பத்திலிருந்துதான் 1994-ல் ஸ்பிளெண்டரும் வந்தது. பழைய வண்டி வாங்குகிறவனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், கேஸ்கெட் என்று எதைக் கேட்டாலும் சின்ன ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்கூட எடுத்துக் கொடுப்பார்கள். அழகான வண்டியாக இருந்து ஒரு கேஸ்கெட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பது எனக்கு ஒத்துவராது.

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்தில் வண்டி கிடைத்தது. 1996 மாடல், டிஎன் 21 நம்பர். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பில் பல வருடமாக நின்றிருந்தது. வாங்கி ஓட்டியவர் இறந்துவிட்டார், விற்றவர் அவருடைய மகன். "அப்பா ஓட்டின வண்டி சார். ஓட்டறதுக்குன்னா எடுத்துக்குங்க, உடைக்கிறதுக்குன்னா வேணாம்" என்றார். 9,000 ரூபாய்க்கு முடிந்தது.

விலை பேசுவதற்கு முன்னாலேயே ஆர்சி புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை. உடைந்த இரும்புக்குப் பதில் இரும்பு சென்னை புதுப்பேட்டையின் பழைய ஸ்பேர் கடைகளில் கிடைக்கும், காணாமல் போன ஆர்சிக்கு அப்படி எதுவும் கிடைக்காது. தலைவிளக்குக்குக் கீழே ஃபிரேம் கழுத்தில் இருந்த துருவைத் துணியால் துடைத்து, அங்கே அடித்திருந்த சேசிஸ் நம்பரையும், எஞ்சின் மேலேயே இருந்த எஞ்சின் நம்பரையும் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். இரண்டும் சரியாக இருந்தன. வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் தேடினால் வண்டியைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. கையால் எழுதிய காலத்து ஆர்சிகளில் சில இன்னும் கணினிக்கு ஏறவில்லை, பயப்பட வேண்டியதில்லை. ஒரிஜினல் புத்தகம் கையில் இருந்தால் பதிவு செய்த ஆர்டிஓ அலுவலகத்தில் பழைய விவரத்தைக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். புத்தகம் இல்லை என்றால் நான் அந்த வண்டியைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதால் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

எங்கள் தெரு மெக்கானிக் இந்த எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்தே தலை நரைத்தவர். வண்டியைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, கிக்கர்ல கால வைக்காதீங்க." வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் உதைத்தால் ரிங் உடையும், சிலிண்டரில் கீறல் விழும். பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றி ஒரு ராத்திரி அப்படியே விட்டார். மறுநாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோம். கொஞ்ச நேரம் அடம்பிடித்து, அப்புறம் இளகிக்கொடுத்தது. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

டேங்கில் இருந்த பெட்ரோல் பழுப்பாகிப் பிசின் மாதிரி ஆகியிருந்தது. உள்ளே துரு. வினிகர் நிரப்பி ஊறவைத்து, ஒரு பழைய சைக்கிள் செயினை உள்ளே போட்டுக் குலுக்கி, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்தால் போதும் என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். முப்பது வருடத்துக்கு முந்தைய ரப்பர் அதற்காகச் செய்ததில்லை, உப்பும், விரியும், கசியும். அதனால் பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்புரேட்டர் ஓ ரிங் எல்லாவற்றையும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட்டேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கைப் பாதியாக விட்டு வாரக்கணக்கில் நிறுத்துவதும் இல்லை.

முதல் ஸ்டார்ட்டில் தெருவே மறையும் அளவுக்குப் புகை. ஊற்றிய ஆயில் எரிகிறது என்று காத்திருந்தோம், ஆனால் புகை நிற்கவில்லை. மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். த்ராட்டிலை மூடி வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி கொடுக்கும்போது மட்டும் குப்பென்று நீலமாக வந்தால் வால்வ் சீல். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தால் ரிங்கோ சிலிண்டரின் உட்சுவரோ தேய்ந்திருக்கிறது. என் வண்டியில் இரண்டாவது கதை. சிலிண்டரை லேத்துக்கு அனுப்பி உட்சுவரைக் கடைந்து (ரீபோர்), 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். ஹெட்டைப் பிரித்த கையோடு வால்வுகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்றும் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

வலதுபக்க கவரைக் கழற்றச் சொன்னது நான். இந்த எஞ்சினில் காகித ஃபில்டர் கிடையாது. கிராங்க் முனையில் சுழலும் ஒரு கிண்ணம்தான் ஆயிலில் உள்ள கசடை வெளிப்பக்கம் ஒதுக்கிப் பிடித்துவைக்கிறது. ஆயில் மாற்றும்போது யாரும் அதைத் திறப்பதில்லை. திறந்தால் உள்ளே கறுப்பு மெழுகு மாதிரி அப்பியிருந்தது. வழித்தெடுத்து, கீழே இருக்கும் சல்லடையையும் கழுவி, புது கேஸ்கெட் போட்டு மூடினோம். ரீபோர் செய்த எஞ்சினுக்குப் பழைய கசடோடு ஆயில் சுற்றுவது கொடுமை.

டயரில் பட்டன் நிறைய இருந்தது. ஆனால் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தேன், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2009-ல் செய்தது. இரண்டையும் மாற்றினேன். பிரேக் ஷூவும் புதுசு. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம்மில் இருந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னேன். எலி கடித்த வயரிங்கை ஒரு எலக்ட்ரீஷியன் அரை நாளில் முடித்தார். செயின் கவர் மட்டும் புதுப்பேட்டையில் அலைந்து எடுத்தது.

அப்புறம் ஆர்டிஓ. இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை நேராக என் பெயருக்கு மாற்ற முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31 எல்லாம் கொடுத்து முதலில் மகன் பெயருக்கு மாறியது. பிறகு படிவம் 29, 30 போட்டு எனக்கு. பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும், அதற்கப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், அதற்குப் படிவம் 25. இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300-லிருந்து 1,000 ஆனது. 20 வருடம் தாண்டிய பைக்குகளுக்கு 2025-ல் 2,000 ஆகிவிட்டது. பசுமை வரியும் தாமதத்துக்கான தொகையும் தனி. இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இரண்டும் கையில் இருந்தால்தான் வண்டியைச் சோதிக்கும் எஃப்சிக்கே போக முடியும். வண்டி விலையைப் பேசும்போதே இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பார்த்தார், லைட், ஹாரன், இண்டிகேட்டர் போடச் சொன்னார், வண்டியை எடுத்து நிறுத்தச் சொன்னார். "பழைய சிடி ஹண்ட்ரடா, சத்தம் நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் சேர்த்து வண்டி விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவாகியிருக்கிறது. முதல் 500 கிலோமீட்டர் வரை வேகத்தை அடக்கி ஓட்டி ஆயில் மாற்றினேன். இப்போது லிட்டருக்கு 60-ஐத் தாண்டிக் கொடுக்கிறது. முன் ஃபோர்க்கில் லேசாக ஆயில் கசிகிறது, சீல் வாங்கி வைத்திருக்கிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும்.