கச்சான் மூட்டை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடை ஸ்டோரில் 17 வருஷம் வேலை பார்த்தேன். தீபாவளிக்கு முந்தின மழை மாதங்களில்தான் தொல்லை. சிமெண்டுத் தரையை ஒட்டிக் கிடக்கும் கடைசிக் கச்சான் (நிலக்கடலை) மூட்டைக்குள் கையை விட்டால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், ஈரச் சாக்கு வாடை அடிக்கும், வெளியே எடுத்த விரலில் பச்சையும் மஞ்சளுமாகத் தூள் ஒட்டியிருக்கும். கச்சான் பூத்துவிட்டது என்போம். தவுக்கே (கடை முதலாளி) வெயிலில் காயப்போட்டுத் துடைத்து வறுக்கச் சொல்வார், வறுத்த பிறகு வாசனையில் ஒன்றும் தெரியாது, பாக்கெட் போட்டு விற்றுவிடுவோம். ரொம்பவும் மோசமானதைத் தனியாகக் கட்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வரும் பாட்டி ஒருவருக்குக் கோழித் தீனிக்கென்று சும்மாவே கொடுத்துவிடுவேன்.

அப்புறம் சுகாதார இலாகா பயிற்சி ஒன்றுக்குப் போனபோது, அந்தத் தூள் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை என்று தெரிந்தது. அது சுரக்கும் விஷம்தான் அஃப்ளாடாக்சின். பூஞ்சையைத் துடைத்துவிடலாம், ஆனால் விஷம் பருப்புக்குள் இறங்கியிருக்கும், நாம் வறுக்கிற சூட்டுக்கெல்லாம் அது முழுசாக அழியாது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் கல்லீரல் புற்றுநோய், ஹெபடைடிஸ் பி கல்லீரல் தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. 1988-இல் நம் பேராக்கிலேயே லோ ஷி ஃபன் மீ என்ற நூடுல்ஸ் சாப்பிட்ட 13 பிள்ளைகள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள், அவர்கள் உடலில் இந்த விஷம் இருந்தது. இத்தனை பக்கத்தில் நடந்திருக்கிறது, நான் துணியும் கையுமாகக் கடலை துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

இந்த விஷத்தையே உலகம் கண்டுகொண்டது கோழித் தீனி மாதிரி ஒன்றால்தான். 1960-இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்கு தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தன. அதைக் கேட்டதும் எனக்குப் பாட்டி ஞாபகம்தான்.

மறுநாளே மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து தள்ளி அடுக்கினேன். பூத்ததை விற்க மாட்டேன் என்று தவுக்கேயிடம் சொன்னேன், அவர் முகம் சுளித்தாலும் சரி என்றார். சாயங்காலம் பாட்டி வீட்டுக்குப் போய், இனிமேல் கோழிக்கு அதைப் போடாதீங்க என்றேன்.

"கோழிக்கு எங்க தம்பி போட்டேன்? நல்லதாப் பாத்துப் பொறுக்கி, கழுவிக் காயவச்சு, பேரப்பிள்ளைங்களுக்குச் சட்னி அரைச்சேன். வீணாப் போகலாமா?"

அடுப்படித் திண்ணையில் முறத்தில் கொஞ்சம் காய்ந்துகொண்டிருந்தது. அதை அப்படியே பையில் வாரிக்கொண்டு கடைக்கு வந்து, புது மூட்டையில் ஒரு கிலோ நிறுத்து என் பெயரில் எழுதச் சொல்லிவிட்டு, திரும்ப அந்த லயத்துக்கே நடந்தேன்.