கசக்கும் என்று சொல்லியே கொடுத்த மருந்து

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கும்போது ரப்பர் விடுபடுகிற ஒரு சின்னச் சத்தம் வரும். போன ஐப்பசியில் அந்தச் சத்தம் கேட்டாலே என் மகன் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வான். பாலுக்காகத் திறந்தாலும் சரி, கறிவேப்பிலைக்காகத் திறந்தாலும் சரி. அவனுக்கு நாலு வயது. அந்தப் பயத்தை அவனுக்குள் வைத்தது நாங்கள்தான்.

பாளையங்கோட்டையில் அந்த வாரம் விடாத மழை. சளி பிடித்து, காய்ச்சல் வந்து, ராத்திரி முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். குழந்தை டாக்டர் காதுக்குள் பார்த்துவிட்டு ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் சிரப் எழுதினார். காலையில் 5 மி.லி., ராத்திரி 5 மி.லி. மொத்தம் 14 வேளை.

முதல் வேளைக்கு நான் கையைப் பிடித்தேன். அவன் அப்பா காலைப் பிடித்தார். என் அத்தை, அவனுக்கு ஆச்சி, தன் மடியில் அவனை மல்லாத்தி, மூக்கைப் பிடித்து, சங்கால் ஊற்றினார்கள். அவர்கள் பிள்ளைகளை வளர்த்த விதம் அது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் இழைத்த உரைமருந்தைப் புகட்டி நான்கு பேரை ஆளாக்கியவர்கள். வசம்பை இன்றைக்கும் பெயர் சொல்லாமல் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கையில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அவனுக்குப் புரையேறிவிட்டது. சில நொடி மூச்சே வரவில்லை, முகம் சிவந்து கண் பிதுங்கியது. நிமிர்த்தித் தூக்கியதும் அத்தனையும் என் தோளில் வாந்தியாக வந்தது. அந்தச் சில நொடிகளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

டாக்டருக்கு போன் செய்தேன். அழுகிற குழந்தையைப் படுக்கவைத்து மூக்கைப் பிடித்து ஊற்றவே கூடாது, மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்றார். வாந்தியெடுத்த வேளையை மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்பதையும் அவரிடம் கேட்டேதான் செய்தோம். மருந்துக்கு மருந்து, எவ்வளவு நேரம் கழித்து வாந்தி வந்தது என்பதற்கேற்ப அது மாறும்.

அடுத்த நாள் ஏமாற்றிப் பார்த்தோம். ஜூஸ் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவன் என் முகத்தைப் பார்த்தான், அவ்வளவுதான். அதற்கப்புறம் நிஜமான சாத்துக்குடி ஜூஸையும் இரண்டு நாள் தொடவில்லை. ராத்திரி ஒரு டம்ளர் பாலில் கலந்தேன். பாதிப் பாலை வைத்துவிட்டான். உள்ளே போனது எவ்வளவு மருந்து, டம்ளரில் நின்றது எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்? மிட்டாய் என்று மட்டும் நான் சொல்லவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டால் என்ன ஆகும் என்கிற பயம்தான்.

மூன்றாம் நாள் மெடிக்கலில் 5 மி.லி. சிரிஞ்ச் இரண்டு வாங்கினேன். ஊசியையும் மூடியையும் அங்கேயே கொடுத்துவிட்டேன். சின்ன மூடி தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒரு சிரிஞ்சை அவன் கையில் கொடுத்து, மருந்துப் பேச்சே எடுக்காமல், வாளித் தண்ணீரை உறிஞ்சிச் செம்பருத்திக்கு அடிக்கச் சொன்னேன். அரை மணி நேரம் அடித்தான். அப்புறம் அவனாகவே, “ஆச்சி, வாயைத் தொற” என்றான். அத்தைக்கு அது சுகர் மாத்திரை போடுகிற நேரம். மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்கள். கன்னத்து ஓரமாக அவன் தண்ணீரைத் தள்ளினான். விழுங்கியதும் அத்தை முகத்தைச் சுளித்து, “கசக்கத்தான் செய்யும் ராசா. ரெண்டு மடக்கு தண்ணி குடிச்சா போயிரும்” என்றார்கள்.

இத்தனை நாளில் அவனிடம் உண்மையைச் சொன்னது அத்தை ஒருவர்தான்.

அன்று ராத்திரி நானும் அதையே சொன்னேன். கசக்கும், அஞ்சு தடவை விழுங்கணும், அப்புறம் கருப்பட்டிப் பாகு. மடியில் நிமிர்ந்து உட்காரவைத்து, சிரிஞ்ச் நுனியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்தேன். தொண்டையை நோக்கிப் பீய்ச்சக் கூடாது, குமட்டும். ஒரு மி.லி. தள்ளி, அவன் விழுங்கும் வரை காத்திருந்து, மறுபடி ஒரு மி.லி. அவன் விரல்விட்டு எண்ணினான். அந்த மருந்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியது, குளிர்ச்சியில் கசப்பும் கொஞ்சம் மட்டுப்பட்டது. ஐந்தாவது விரலை மடக்கியதும் பாகுக் கிண்ணத்தை அவனே எடுத்துக்கொண்டான்.

எல்லா நாளும் இப்படிப் போகவில்லை. ஆறாம் நாள் தூக்கக் கலக்கத்தில் தட்டிவிட்டு, பாதி மருந்து தரையில். நாற்பது நிமிடம் ஆனது. பிடித்து ஊற்றிவிடலாமா என்று அவன் அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன்.

மருந்தைக் கலக்குவதில் ஒரு விஷயம். பொடியாக வரும் சிரப்பில், கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கினால் மட்டம் கீழே இறங்கும். நுரை அடங்கியபின் மறுபடி கோடு வரை ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் அளவே மாறிவிடும். எங்களுடையது 30 மி.லி. பாட்டில் மூன்று. ஒன்று முடிந்தபின்தான் அடுத்ததைக் கலக்கினேன், ஏனென்றால் கலந்தது ஏழு நாளைக்கு மேல் நிற்காது. காய்ச்சல் சிரப்பிலும் கவனம் வேண்டும். பாராசிட்டமால் 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது, 250 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது. பழைய பாட்டில் நினைப்பில் புதியதை ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். லேபிளைப் படியுங்கள். சமையலறை ஸ்பூனால் அளக்காதீர்கள்.

பதினான்கு வேளையும் முடிந்து, காதும் சரியாகிவிட்டது. ஒரு சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இன்னொன்று அத்தையின் மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிறது. காலையில் அவர்கள் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டால், எங்கே இருந்தாலும் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடிவருகிறான்.